தொள்ளாயிரம் டிகிரி, ஆறு மணி நேரம்

விருத்தாசலம்
12 ஜூன் 2024

புனே மாநகரில் வீற்றிருந்து பொடி ஆராயும் என் அக்கா மகள் துர்காதேவிக்கு, பியூஸ் கட்டைகளின் சக்கரவர்த்தியும் ராஜ்மோகன் பீங்கான் கம்பெனியின் ஒரே சூளைத் தளபதியுமான உன் தாய்மாமன் கொளஞ்சிநாதன் வரைவது. இங்கே நான் சுகம். உன் அத்தை சிந்தாமணி என்னைவிடச் சுகம், அவள் குரல் ரயிலடி வரை கேட்கிறது. உன் சுகத்தை நீ உன் கையால் எழுதினால்தான் நம்புவேன்.

பார்சல் வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, எடையே இல்ல. காத்தயா அனுப்பியிருக்காங்க?" என்றார்.

"ஆமாங்க. புனே காத்து. இங்க இருக்கிறது போதல" என்றேன்.

அவர் ஊர்த் தபாலையெல்லாம் மறந்து அரை நாள் நின்று அந்த டப்பாவையே பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளியிடம் சொன்னேன். "அக்கா பொண்ணு படிப்புக்குன்னா ஞாயித்துக்கெழமைல சின்னச் சூளைய எடுத்துக்குங்க நாதன்" என்றார். பெரிய சூளை பியூஸ் கட்டைக்கு, சின்னது சோதனைக்கு. ஆக, இனி ஞாயிறுதோறும் இந்த வட்டாரத்தின் சூரியன் என் கையில். என்ன சுட வேண்டும், எவ்வளவு சுட வேண்டும், எழுது.

போன் செய்யாதே. சூளை இரைச்சலைக் கேட்டுக் கேட்டு என் இரண்டு காதும் வேலையை ராஜினாமா செய்துவிட்டன. இனி எதுவானாலும் கடிதம்தான்.

இப்படிக்கு,
அக்கினிக்கு ஆணையிடும் மாமன்


புனே
24 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு, துர்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், ஹாஸ்டல் சாம்பார்தான் படுத்த படுக்கையாக இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

காது கேட்காததை நம்புகிறேன். போன மாதம்வரை கேட்டதே என்று கேட்க மாட்டேன்.

அந்த வெள்ளைப் பொடி சிலிக்கா. உங்கள் கம்பெனி மண்ணில் கலக்கும் குவார்ட்ஸ் கல்மாவும் இதே பொருள்தான். ஆனால் இதற்குள் தேன்கூடு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத கோடித் துளைகள். ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் இருபத்தைந்து சென்ட் நிலம் வரும். இது உங்கள் கணக்கு இல்லை மாமா, கருவியில் அளந்தது. பொடியைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். காற்றுப் படாமல் சுட்டால் சர்க்கரை கருகி, துளைச் சுவர் முழுக்கக் கரிப்பூச்சாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் துளைகளில்தான் ஹைட்ரஜன் வாயுவைப் பிடித்து அடைக்கப் பார்க்கிறோம், எரிபொருளாகச் சேமித்து வைக்க.

இங்கே ஆர்கான் வாயு ஓடும் குழாய் அடுப்பில் இரண்டிரண்டு கிராமாகச் சுடுகிறார்கள். அந்த வாயு இல்லாமல், சாதாரணச் சூளையில், மூடிய மண்பெட்டிக்குள் கரித்தூள் அடைத்து, கால் கிலோவை ஒரே தடவையில் சுட முடியும் என்று காட்டுவதுதான் என் ஆய்வே. உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

தொள்ளாயிரம் டிகிரி. அங்கே ஆறு மணி நேரம் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்துத் தாளில் எழுதுங்கள். பொடியைத் திறக்கும்போது மாஸ்க் போடுங்கள், ஒரு டப்பா வைத்திருக்கிறேன். இந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

அன்புடன்,
துர்கா


விருத்தாசலம்
16 ஜூலை 2024

பல்லாயிரம் ஏக்கரைப் பார்சலில் அனுப்பும் பெருநிலக்கிழாள் துர்காவுக்கு மாமன் எழுதும் மடல். இவ்விடம் அத்தையின் முழங்கால் மழைக்கு முன்னறிவிப்புச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டது. நான் எப்போதும்போல் மலை.

கணக்குப் போட்டேன். நீ அனுப்பிய கால் கிலோவில் அறுபது ஏக்கருக்கு மேல் இருக்கிறது. டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன் பார், பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு போடுகிற மிராசுகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். யாருக்கு வரும், சர்க்கரையும் உள்ளேயே ஊறிக்கிடக்கிற நிலம்.

ஞாயிறு சுட்டாயிற்று. தொள்ளாயிரம், ஆறு மணி நேரம், தாள் உள்ளே இருக்கிறது. ஆறு மணி நேரமும் ஒற்றைக் காலில் நின்றேன். நடுவில் நாலைந்து தடவை உட்கார்ந்தேன், அது சூளைக்குச் செலுத்தும் மரியாதை. பிரித்தால் வெள்ளைப் பொடி காக்கை இறகாட்டம் கறுத்திருக்கிறது. உடன் வேலை பார்க்கும் பழமலை, "என்னாண்ண, பல்லுப் பொடியா?" என்று விரலை விட்டான். விரலைத் தட்டிவிட்டேன்.

மாஸ்க் போட்டேன். கல்மாவு மில்லில் இருந்த பதினெட்டு வருஷத்தில் மூணு லாரி சிலிக்காவைச் சோறாகத் தின்றவன் நான். உன் கால் கிலோவுக்கா பயப்படுவேன்? இருந்தாலும் நீ சொன்னதற்காகப் போட்டேன்.

போன வாரம் சிதம்பரத்துக்குத் திக்விஜயம். அங்கே ஒரு மாளிகையில் படுக்கவைத்து நெஞ்சைப் படம்பிடித்தார்கள். இவ்வளவு வீரம் ஒரே படத்தில் அடங்கவில்லையாம், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அறுபது ஏக்கருக்கும் அதிபதி


புனே
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு, துர்கா. எனக்குச் சளி பிடித்து விட்டது. மற்றபடி நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் கதை சொல்வீர்கள், அதனால் நேராகக் கேட்கிறேன்: சிதம்பரத்தில் எடுத்தது எக்ஸ்ரேயா? எதற்கு?

பொடியை அளந்து பார்த்தோம். கரி ஒரே சீராக ஒட்டியிருக்கிறது, அந்த அளவில் சூளை ஜெயித்துவிட்டது. ஆனால் ஹைட்ரஜன் நிற்கவில்லை. நூறு கிராமுக்கு அரை கிராம்தான். புரொபசர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் திட்டினால்கூடத் தேவலை.

சர்க்கரை அளவை மாற்றி இரண்டாவது கால் கிலோ அனுப்புகிறேன். அதே தொள்ளாயிரம், அதே ஆறு மணி நேரம். சூட்டை மாற்ற வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மாமா, அம்மா படுத்திருந்த இரண்டு வருஷமும் நான் படிப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இனிமேல் நீட்டிப்புக் கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏழு வருஷமும் போச்சு. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அன்புடன்,
துர்கா


விருத்தாசலம்
25 செப்டம்பர் 2024

துர்காவுக்கு மாமன் ஆசீர்வாதம். அனைவரும் அமோக சுகம்.

அது எக்ஸ்ரேதான். கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்தார்கள். வாட்ச்மேன் நாய்க்குக்கூட எடுத்தார்கள், அது மட்டும் அசையாமல் படுத்ததாம்.

22ஆம் தேதி ஞாயிறு உன் பொடியைச் சுட்டேன். காலை எட்டுக்குப் பற்றவைத்து, பதினொன்றரைக்குத் தொள்ளாயிரம் தொட்டு, மாலை ஐந்தரை வரை இமை கொட்டாமல் நின்றேன். சூளையே, "போதும் நாதா, உட்கார்" என்று கெஞ்சியது. நான் கேட்கவில்லை. அன்று விருத்தாசலம் ஜங்ஷனில் நின்ற ரயில்கள் எல்லாம் என் சூளை அனலில் தாமாகவே கிளம்பின. தாள் உள்ளே இருக்கிறது, அரை மணிக்கு ஒரு வரி, பிசகில்லாமல்.

பெட்டியைப் பிரித்துப் பார்சல் கட்டியது பழமலை. எனக்குக் கையில் சுளுக்கு. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

மாமன்


புனே
28 அக்டோபர் 2024

என் அக்கினிச் சக்கரவர்த்தி மாமாவுக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, அடுத்த பத்தியில் விசாரிக்கிறேன். நூறு கிராமுக்கு இரண்டு கிராம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதுவரை யாருக்கும் வராத அளவு. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று தடவை அளந்தோம். மூன்றிலும் அதேதான். புரொபசர் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். ஏழு வருஷத்தில் முதல் டீ.

இப்போது கேட்கிறேன், சுளுக்கு சரியாகிவிட்டதா? அத்தை எப்படி? தீபாவளிக்கு வர முடியாது, இங்கே வேலை தலைக்கு மேல். உங்கள் தாளை அப்படியே அட்டவணையாக்கிக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டோம். தொள்ளாயிரம் டிகிரி, ஆறு மணி நேரம். உங்கள் பெயரை நன்றியுரையில் போட்டிருக்கிறேன், பட்டங்கள் இல்லாமல்.

இன்னொரு கால் கிலோ அனுப்பட்டுமா? இரண்டாவது தடவையும் வந்தால்தான் முடிவு முடிவாகும். பதில் உடனே போடுங்கள்.

துர்கா


விருத்தாசலம்
9 டிசம்பர் 2024

அன்புள்ள துர்காவுக்கு, மாமன். இங்கே சுகம். பதில் போட நாளாகிவிட்டது. மழை, பிறகு மழைக்குப் பிறகு வருவது.

உன் சேதியை அத்தை சத்தமாகப் படித்தாள். நானும் அந்த டீயைக் குடித்த மாதிரி இருந்தது. தேவலோகத்திலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்து, "என் தம்பி சுட்டதா?" என்று கேட்டிருப்பாள்.

பொடி இப்போது அனுப்பாதே. சின்னச் சூளையில் செங்கல் பெயர்ந்துவிட்டது, பழுது பார்க்கிறார்கள். அங்கேயே ஒரு சூளை பிடித்துச் சுட்டுப் பார். உன் கையும் என் கைதான்.

மாமன்


புனே
11 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு, துர்கா. பொங்கல் வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி இங்கே ஒரு பீங்கான் பட்டறைச் சூளையில் நான்கு தடவை சுட்டேன். அதே பொடி, அதே சர்க்கரை, அதே மண்பெட்டி. உங்கள் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து வரிக்கு வரி அதன்படி. நான்கிலும் அரை கிராம்தான். அந்தச் சூட்டில் துளைகள் சுருங்கி ஒட்டிப்போகின்றன, நுண்ணோக்கியில் தெரிகிறது. உங்களுடையது மட்டும் ஒட்டவில்லை.

நான் எண்களை இட்டுக்கட்டிவிட்டேன் என்று இங்கே பேச்சு. நேற்று புரொபசர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "இந்தத் தாளை எழுதியவர் சூளைக்குப் பக்கத்தில் இருந்தாரா?" என்றார். "என் மாமா பொய் எழுத மாட்டார்" என்றேன். சொல்லும்போதே ஜங்ஷன் ரயில்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

பிப்ரவரி 20 விசாரணைக் குழு. அதற்குள் ஒரு தடவையாவது திரும்ப வரவில்லை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அதோடு எல்லாம் முடிந்தது.

மாமா, அன்று என்ன நடந்தது? எனக்குக் கதை வேண்டாம்.

துர்கா


விருத்தாசலம்
18 ஜனவரி 2025

துர்காவுக்கு மாமா எழுதுவது.

தாள் பொய். நான் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன்.

செப்டம்பர் 22 அன்று எட்டு மணிக்குப் பற்றவைத்தேன். பதினொன்று பத்துக்கு மீட்டர் எழுநூறு காட்டியது. கேஸைக் கூட்டவேண்டிய நேரம். எழுந்தேன், மூச்சு வரவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கேஸைத் திறக்கும் வால்வுச் சக்கரம் இருந்த இடம் எனக்கு நாலு அடி தூரம். போக முடியவில்லை. அதனால் சூளை எழுநூறிலேயே நின்றது. ஒரு மணிக்குப் பழமலை டிபன் பாக்ஸ் எடுக்க வந்தான். அவனை அணைக்கச் சொன்னேன். அவன் என்னைத்தான் முதலில் தூக்கப் பார்த்தான், திட்டி அணைக்க வைத்தேன். சூளையைத் திறக்காமல் அப்படியே ஆறவிட்டான். மறுநாள் பிரித்தான்.

ஆகவே எழுநூறு டிகிரி. ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஜூலையில் சுட்டது மட்டும் தாளில் உள்ளபடி.

நெஞ்சில் கல்தூள் படிந்திருக்கிறது. சிலிக்கோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். போன வருஷம் மே மாதமே தெரியும். மில்லில் இருந்தபோது போனது. எடுக்க வழியில்லை. போனில் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இழுக்கும், உனக்குத் தெரிந்துவிடும். காது நன்றாகத்தான் கேட்கிறது.

தெரிந்தால் நீ கிளம்பி வந்துவிடுவாய். அக்காவுக்கு வந்த மாதிரி. அது வேண்டாம் என்றுதான் மறைத்தேன். பொடி எப்படியும் வீணாகியிருக்கும், மறுபடி அனுப்புவாய், அதற்குள் தேறிச் சுட்டுவிடலாம் என்று நினைத்துத் தாளை எழுதினேன். அது நல்லபடியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

வராதே. முதலில் எழுநூறில் சுடு. புரொபசரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, யாராவது படித்துச் சொல்லட்டும்.

கொளஞ்சிநாதன்


புனே
2 மார்ச் 2025

மாமா,

ஜனவரியில் டிக்கெட் எடுத்தேன், ரத்து செய்தேன், மறுபடி எடுத்தேன், மறுபடி ரத்து செய்தேன். அத்தைக்குத் தினமும் போன் செய்தேன். "நல்லாதான் இருக்காருடி, கஞ்சி குடிச்சாரு" என்ற ஒரே பதில். நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று தெரியும். மூச்சுச் சத்தம் கேட்டது.

எழுநூறில் சுட்டேன். நூறு கிராமுக்கு இரண்டு கிராம். மூன்று தடவை சுட்டு, மூன்றிலும் வந்தது. குழு முன்னால் உங்கள் கடிதத்தைப் படித்து மொழிபெயர்த்தேன். பாதியில் என்னால் முடியவில்லை, ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கட்டுரையைத் திருத்தி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஏன் எழுநூறில் நின்றது என்ற இடத்தில், "சூளையை இயக்கியவரின் உடல்நிலை காரணமாக" என்று எழுதினேன். அது அறிவியல் காரணம் இல்லை, எடுத்துவிடு என்றார் புரொபசர். நான் எடுக்கவில்லை.

அதே கல்தான் மாமா. இங்கே அதற்குள் இடம் உண்டாக்கக் கற்றுக்கொண்டேன். உங்களுக்குள் இருக்கும் இடத்தை அது எடுத்துக்கொண்டிருந்தது. மாஸ்க் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஆய்வேடு இன்னும் முப்பது பக்கம் பாக்கி. இரவும் பகலும் எழுதினால் 28ஆம் தேதி கொடுத்துவிடலாம். ஒரே ஒரு கேள்வி. டாக்டர் எத்தனை நாள் என்றார்? சரியான எண் வேண்டும். அதை வைத்துத்தான் நான் 28க்கு முன்னால் கிளம்புவதா, பின்னால் கிளம்புவதா என்று முடிவு செய்யப் போகிறேன்.

துர்கா


விருத்தாசலம்
8 மார்ச் 2025

முனைவர் துர்காதேவியின் திருச்சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற அக்கினிச் சக்கரவர்த்தி கொளஞ்சிநாதன், கைக்கு ஓய்வு கொடுத்திருப்பதால் மகாராணி சிந்தாமணியின் கையால் வரைவது. இங்கே எல்லோரும் பரம சுகம்.

(பாப்பா, அவரு சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். ஒரு வரிக்கு ஒரு தடவை நிறுத்துறாரு.)

உன் இரண்டு கிராம் செய்தி கேட்டு விருத்தாசலம் முழுக்கத் தோரணம் கட்டினார்கள். முதலாளி ராஜ்மோகன் யானைமேல் வந்து மாலை போட்டார்.

(பைக்ல வந்தாரு. ஆரஞ்சுப் பழம் வாங்கியாந்தாரு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு.)

நேற்று வாசல்வரை நூறு அடி வீறுநடை போட்டேன். தெருவே கைதட்டியது.

(நாலு அடி. நான்தான் புடிச்சிகினு போனேன். அப்புறம் வூட்டுல இருக்கிற ஆக்ஸிஜன் மெஷினப் போட்டு ரெண்டு மணி நேரம் படுத்திருந்தாரு.)

நீ கேட்ட எண். டாக்டர் என்னைப் பார்த்து அசந்துபோய், "நாதன், வைகாசி முடிய உமக்கு ஒரு குறையும் வராது" என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஆகவே 28க்குப் பிறகு வா. அவசரமே இல்லை. முப்பது பக்கத்தையும் நிதானமாக எழுது, எழுத்துப் பிழை இல்லாமல்.

இப்படிக்கு,
உன் மாமன்

(கையெழுத்து மட்டும் அவரு போட்டது. போட்டுட்டுத் தூங்கிட்டாரு. இனிமே நான் எழுதுறது அவருக்குத் தெரியாது.

டாக்டர் சொன்னது வைகாசி இல்ல. பங்குனி பொறந்து பத்து நாள் தாண்டுறதே பெரிசுன்னாரு. என்கிட்டயும் சொன்னாரு, இவருகிட்டயும் சொன்னாரு. போன்ல ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைல கைய வச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. எழுதக் கூடாதுன்னு சொல்லல. பழமலைகிட்ட குடுத்து இன்னைக்கே ஸ்பீட் போஸ்ட் போடச் சொல்றேன்.

அந்த முப்பது பக்கத்தயும் எடுத்துகினு கெடைக்கிற ரயில்ல ஏறு. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டு வைக்கிறேன். இங்க ஒக்காந்து எழுது.)